பிஜிஎன் கோப்பு வடிவம்: 30 ஆண்டுகள் கடந்தும் திறக்கும் ஆட்டப் பதிவு

சதுரங்க ஆட்டங்களைச் சேமித்து வைக்க நான் 11 ஆண்டுகள் பயன்படுத்திய கட்டண மென்பொருள் ஒன்றை, கணினியை மாற்றியபோது புதிய இயங்குதளத்தில் நிறுவவே முடியவில்லை. அந்தப் பதிப்புக்கான உரிமச் சரிபார்ப்பை அதை விற்ற நிறுவனம் முன்பே நிறுத்திவிட்டிருந்தது. மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவத்தில் 640 ஆட்டங்கள் அதில் இருந்தன. நான் போட்டிகளில் ஆடியவை, என்னிடம் கற்றவர்கள் ஆடியவை, பாடம் நடத்துவதற்காகக் கிளை ஆட்டங்களோடும் (ஆடியிருக்கக்கூடிய மாற்று நகர்த்தல்கள்) விளக்கங்களோடும் பல இரவுகள் உட்கார்ந்து தயாரித்தவை என எல்லாம் அதற்குள்தான். கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் கருவி ஒன்றில் திறந்து பார்த்தேன். ஆட்டக்காரர்களின் பெயர்கள் அங்கங்கே தெரிந்தன. நகர்த்தல்கள் எந்த இடத்தில் தொடங்குகின்றன, ஒரு நகர்த்தலுக்கு எத்தனை பைட், விளக்கம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஆவணம் எதையும் அந்த நிறுவனம் ஒருபோதும் வெளியிட்டிருக்கவில்லை.

அதே வாரத்தில், 1990களின் இறுதியில் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த குறுந்தகடு கையில் கிடைத்தது. அதிலிருந்த பிஜிஎன் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்ததும் முதல் ஆட்டத்தின் முதல் நகர்த்தல் கண்ணுக்கு நேராக நின்றது. எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. இந்த இரண்டு கோப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே இந்த மதிப்புரையின் பொருள். மென்பொருள்களை மதிப்பிட்டு எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் கோப்பு வடிவத்தை யாரும் கவனித்து எழுதுவதில்லை என்பதால், பிஜிஎன் வடிவத்தையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு அதன் நிறை குறைகளைப் பார்க்கிறேன்.

பிஜிஎன் என்பதற்குக் கையோடு எடுத்துச் செல்லத்தக்க ஆட்டக் குறியீடு என்று பொருள் கொள்ளலாம். ஸ்டீவன் எட்வர்ட்ஸ் 1993இல் அதை வகுத்தார். அக்காலத்தில் சதுரங்க ஆர்வலர்கள் கூடிய யூஸ்நெட் விவாதக் குழுவின் வழியாக அது பரவியது. இன்று பெரும்பாலோர் மேற்கோள் காட்டும் வரையறை ஆவணத்தில் 1994 மார்ச் 12 என்ற தேதி இருக்கிறது. ஆட்டங்கள் ஆட்டக்காரர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் கணினிச் சதுரங்க ஆய்வாளர்களுக்கும் இடையே தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதே அந்த ஆவணம் அறிவிக்கும் நோக்கம். அப்போது ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்திருந்தது, ஒன்றின் கோப்பு மற்றொன்றில் திறக்காது என்பதை நினைவில் கொண்டால், அந்த நோக்கத்தின் அருமை புரியும்.

வடிவம் எளியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் சில விவர வரிகள் வரும். போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை ஆட்டக்காரர், கறுப்பு ஆட்டக்காரர், முடிவு ஆகிய ஏழும் கட்டாயம். அவை வர வேண்டிய வரிசையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேதி தெரியாவிட்டால் அந்த வரியை விட்டுவிடக் கூடாது; ????.??.?? என்று எழுத வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை எழுதி மற்றவற்றுக்குக் கேள்விக்குறி இட வேண்டும். இது சின்னச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தெரியாத தேதியை ஜனவரி 1 என்று தானாக நிரப்பிவைக்கும் மென்பொருள்களால் பழைய ஆட்டங்களின் வரலாறு எவ்வளவு குழம்புகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு, தெரியாததைத் தெரியாதது என்றே பதிவு செய்யும் இந்த நேர்மை மிகவும் பிடிக்கும். ஆவணம் தரும் மாதிரி ஆட்டம், 1992 நவம்பர் 4 அன்று பெல்கிரேடில் முன்னாள் உலக வாகையர்களான ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிச் சமன் செய்த 29ஆவது ஆட்டம். விதிகளைப் படித்துத் தலை சுற்றுபவர்கள் அந்த ஒரு மாதிரியைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது, ஆவணம் காட்டும் துல்லியம். ஒரே வகையைச் சேர்ந்த இரு காய்கள் ஒரே கட்டத்துக்குச் செல்ல முடியும்போது எது சென்றது என்பதை எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு, முதலில் காய் நின்ற நெடுவரிசையின் எழுத்தைச் சேர், அது போதாவிட்டால் கிடைவரிசையின் எண்ணைச் சேர், அதுவும் போதாவிட்டால் இரண்டையும் சேர் என்று படிப்படியாக விடை தருகிறது. அதோடு நிற்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: வெள்ளைக் குதிரைகள் சி3, ஜி1 கட்டங்களில் நிற்கின்றன. பி4இல் உள்ள கறுப்பு மந்திரி, சி3 குதிரையை அதன் பின்னால் உள்ள ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. காலியான இ2 கட்டத்துக்குக் குதிரை செல்கிறது. கட்டுண்ட குதிரை நகரவே முடியாது என்பதால், எந்தக் குதிரை என்று இங்கே எழுதத் தேவையில்லை என்கிறது ஆவணம். இப்படி ஒரு விதி எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்? ஒரு நிரலர் ஒரு விதமாகவும் மற்றொரு நிரலர் வேறு விதமாகவும் முடிவு செய்வார்கள். ஒருவரின் கோப்பை மற்றவரின் மென்பொருள் பிழையென்று தள்ளிவிடும். விதியை எழுதிவைத்தால், பிழை யாருடையது என்றாவது தெரியும்.

காய்களுக்கான எழுத்துகளிலும் இதே தெளிவு இருக்கிறது. ஜெர்மானியர் குதிரைக்கும் மந்திரிக்கும் இடும் எழுத்துகள் வேறு, ஆங்கிலேயர் இடும் எழுத்துகள் வேறு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் எழுத்துகளை ஆவணம் ஓர் அட்டவணையில் தந்துவிட்டு, பரிமாறும் கோப்பில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே வர வேண்டும், திரையில் எந்த மொழியில் காட்டுவது என்பது அந்தந்த மென்பொருளின் விருப்பம் என்று முடித்துவிடுகிறது. மென்பொருள் எழுதும் கோப்புக்குக் கறாரான ஏற்றுமதி வடிவம், மனிதர் கையால் தட்டச்சு செய்த கோப்புக்குத் தளர்வான இறக்குமதி வடிவம் என்று இரண்டாகப் பிரித்ததும் நல்ல முடிவு. ஆட்டம் எப்படி முடிந்தது என்பதைக் குறிக்கும் வரிக்கு அனுமதிக்கப்பட்ட சொற்களில் நேரம் தீர்ந்த தோல்வியும் விதிமீறலும் மட்டுமல்லாமல் ஆட்டக்காரரின் மரணமும் இடம்பெற்றிருக்கிறது. எழுதியவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பதற்கு இது சான்று.

நடு ஆட்டத்திலிருந்தோ புதிரிலிருந்தோ தொடங்கும் பதிவுகளுக்கு ஃபென் என்ற நிலைக் குறியீடு உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் டேவிட் ஃபோர்சித் வகுத்த முறையைக் கணினிக்கு ஏற்ப எட்வர்ட்ஸ் விரித்தார். காய்கள் நிற்கும் இடம், யாருடைய முறை, எந்தப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை மீதமிருக்கிறது, போகிற போக்கில் சிப்பாயை வெட்டத்தக்க கட்டம், 50 நகர்த்தல் விதிக்கான எண்ணிக்கை, நகர்த்தல் எண் ஆகிய ஆறும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

இனிக் குறைகள். அவை சிறியவை அல்ல.

முதலாவது, எழுத்துக் குறியாக்கம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 எழுத்துத் தொகுதியையே 1994 ஆவணம் அடிப்படையாகக் கொண்டது. ரஷ்யமோ சீனமோ தமிழோ அதில் எழுத முடியாது. இன்றைய மென்பொருள்கள் பலவும் இம்மொழிகளையும் எழுதவல்ல யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதுகின்றன என்றாலும், கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல அந்த ஆவணத்தில் வழியில்லை. படிக்கும் மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது, விளக்கங்கள். நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் குறிப்பு அதற்கு முந்தைய நகர்த்தலைச் சேர்ந்ததா, அடுத்து வருவதைச் சேர்ந்ததா என்பதற்குத் தெளிவான விதி வகுக்கப்படவில்லை. பாடம் நடத்துகிறவனுக்கு இது பெரிய விஷயம். “இங்கே நின்று யோசியுங்கள்” என்ற குறிப்பு நகர்த்தலுக்கு முன்னால் வந்தால் அது கேள்வி. பின்னால் போய்விட்டால் விடை தெரிந்த பிறகு கேட்கப்படும் பயனற்ற வாசகம்.

மூன்றாவது, எண் குறியீடுகள். நல்ல நகர்த்தலுக்கு $1, தவறுக்கு $2, மிகச் சிறந்ததற்கு $3, பெரும் பிழைக்கு $4 என்று தொடங்கி, நிலை மதிப்பீடுகளைக் கடந்து, நேர நெருக்கடியைக் குறிக்கும் $136 முதல் $139 வரை ஆவணம் பொருள் சொல்கிறது. எண்கள் 255 வரை போகலாம். 139க்கு மேல் பொருள் எழுதப்படாததால், அங்கே மென்பொருள்கள் தங்கள் விருப்பப்படி பொருள் ஏற்றிக்கொண்டன. ஆவணம் எந்த எண்ணில் நின்றதோ, குழப்பம் அதற்கு அடுத்த எண்ணில் தொடங்கியது. கோப்பு வடிவத்துக்கு ஆவணம் ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்த ஆவணத்துக்குப் பிறகு சதுரங்க உலகில் வந்தவற்றுக்கும் அதில் இடமில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு கடிகாரத்தில் மீதமிருந்த நேரம், பலகையில் வரையும் வண்ண அம்புகள், நிலையைக் கணித்து நகர்த்தல் சொல்லும் நிரலான எஞ்சின் தந்த மதிப்பு ஆகியவை இன்று குறிப்புக்குள் விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் சிறு கட்டளைகளாகச் செருகப்படுகின்றன. பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றைப் புரிந்துகொள்கின்றன; புரிந்துகொள்ளாதவை அந்தக் கட்டளையை அப்படியே திரையில் கொட்டுகின்றன. ஃபிஷர் 1996இல் அறிவித்த, பின்வரிசைக் காய்களைக் கலைத்துப்போட்டு ஆடும் வகையில், எந்த யானையோடு கோட்டை கட்டும் உரிமை இருக்கிறது என்பதைப் பழைய ஃபென் குறியீட்டால் எப்போதும் சொல்ல முடிவதில்லை. அதற்கு எக்ஸ்-ஃபென் என்றும் ஷ்ரெடர்-ஃபென் என்றும் இரு வழிகள் கிளைத்தன. சமன் கேட்பதை ஆட்டத்தாளில் (=) என்று குறிக்க வேண்டும் என்கிறது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி; பிஜிஎன் ஆவணத்திலோ சமன் கேட்டதற்கென்று தனிக் குறியீடு இல்லை. போட்டி நடுவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

இந்தக் குறைகள் எனக்கு எவ்வளவு இடையூறு தருகின்றன என்று பார்க்க, 14 நகர்த்தல்கள் கொண்ட சோதனை ஆட்டம் ஒன்றை உருவாக்கினேன். தமிழில் ஒரு குறிப்பு, நகர்த்தலுக்கு முன்னால் வரும் ஒரு கேள்வி, கிளைக்குள் ஒரு கிளை, ஓர் அம்பு, ஒரு கடிகார நேரம், 139க்கு மேற்பட்ட ஓர் எண் குறியீடு ஆகியவற்றை அதில் வைத்து, மூன்று மென்பொருள்களில் மாறி மாறி ஏற்றி இறக்கினேன். நகர்த்தல்களும் கிளைகளும் மூன்றிலும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தன. தமிழ்க் குறிப்பு ஒன்றில் கேள்விக்குறிகளாக மாறியது. முன்னால் வர வேண்டிய கேள்வி இரண்டில் இடம் மாறியது. எண் குறியீட்டை ஒன்று காட்டியது, ஒன்று மறைத்தது, ஒன்று நீக்கியே விட்டது. ஆவணம் தெளிவாகப் பேசிய இடங்களில் எந்தச் சேதமும் இல்லை. அது மௌனமாக இருந்த இடங்களில்தான் எல்லாச் சேதமும். மூன்று மென்பொருள்களையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலத்தில் எழுதியவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், நகர்த்தல்கள் பிசகாமல் வந்ததே பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

உரை வடிவம் இடத்தை அடைத்துக்கொள்ளும், தேடுவதற்கு மெதுவானது என்ற வாதம் உண்மையே. இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிசெஸ் தளம், தன்னிடம் ஆடப்படும், ஆட்டக்காரரின் தரப்புள்ளிக்குக் கணக்கில் எடுக்கப்படும் ஆட்டங்களை மாதந்தோறும் பிஜிஎன் கோப்பாகச் சுருக்கி, உரிமைக் கட்டுப்பாடு எதுவுமின்றி வெளியிடுகிறது. 2013 ஜனவரிக் கோப்பில் சுமார் 1,21,000 ஆட்டங்கள் இருந்தன. பின்னாளில் ஒரே மாதத்தில் 9 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் சேர்ந்த மாதங்கள் உண்டு. அவ்வளவு பெரிய உரைக் கோப்பில் ஒரு நிலையைத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதற்கு விடை, யாருக்கும் சொல்லாமல் ஒரு இரும வடிவத்தை (உரையாக அல்லாமல் வெறும் பைட்களாகச் சேமிப்பதை) வைத்துக்கொள்வது அல்ல. எட்வர்ட்ஸின் ஆவணத்திலேயே பிஜிசி என்ற இரும வடிவத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையிலும் விதிப்படி சாத்தியமான எல்லா நகர்த்தல்களையும் எழுத்து வரிசையில் அடுக்கி, ஆடப்பட்டது எத்தனையாவது என்ற எண்ணை மட்டும் சேமிப்பது அதன் உத்தி. ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளில் அறியப்பட்ட அதிகபட்ச நகர்த்தல்கள் 218 என்பதால், ஒரு நகர்த்தலுக்கு ஒரு பைட் போதும். அந்த வடிவம் பரவவில்லை என்றாலும், சுருக்கமாக இருப்பதும் வெளிப்படையாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அது காட்டுகிறது.

ஸ்கிட் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருள் இதை நடைமுறையில் செய்து காட்டியது. அதன் நான்காம் பதிப்பு வடிவம் ஒரு தரவுத்தளத்தை அட்டவணை, ஆட்டங்கள், பெயர்கள் என்று மூன்று கோப்புகளாகப் பிரிக்கிறது. பெரும்பாலான நகர்த்தல்களை ஒரே பைட்டில் அடைக்கிறது: எந்தக் காய் என்பதற்கு நான்கு பிட், எங்கே போகிறது என்பதற்கு நான்கு பிட், அதற்குள் அடங்காத ராணி நகர்த்தல்களுக்கு மட்டும் கூடுதல் பைட். இதை நான் தெரிந்துகொண்டது அதன் மூல நிரலிலிருந்து. நாளை ஸ்கிட் எந்தக் கணினியிலும் இயங்காமல் போனாலும், அந்த நிரலைப் படித்து ஒருவர் வேறொரு படிப்பானை எழுதிவிட முடியும். மூல நிரல் ஆவணத்துக்கு முழு மாற்றாகாது. நிரலில் உள்ள பிழையும் வடிவத்தின் பகுதியாகிவிடும் ஆபத்து உண்டு. ஆனாலும் பூட்டிய பெட்டியோடு ஒப்பிட்டால் அது திறந்த வீடு.

“எங்கள் மென்பொருளில் பிஜிஎன் ஏற்றுமதி இருக்கிறதே, பிறகென்ன கவலை?” என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஏற்றுமதி செய்ய அந்த மென்பொருள் இயங்க வேண்டும் என்பது முதல் சிக்கல்; இயங்காத நாளில்தான் ஏற்றுமதி தேவைப்படுகிறது. ஏற்றுமதியில் எது விடுபடுகிறது என்று அவர்கள் எங்கும் எழுதிவைப்பதில்லை என்பது இரண்டாவது. சொந்த வடிவத்தில் மட்டும் இருக்கும் பயிற்சிக் கேள்விகள், அவற்றுக்கான மதிப்பெண்கள், ஆட்டத்தோடு இணைத்த படங்கள் ஆகியவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். ஆகவே, ஆட்டத் தரவுத்தளம் வாங்க நினைப்பவர்கள் எஞ்சினின் வலிமையையும் பலகையின் அழகையும் பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கோப்பு வடிவத்தின் வரையறையை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டங்களைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள சங்கங்களும் போட்டி அமைப்பாளர்களும் இதைக் கேட்காமல் பணம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஃபிலிப் ஸ்டாமா 1737இல் பாரிசில் வெளியிட்ட நூலில், கட்டங்களை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் முறையைக் கையாண்டார். அவர் காய்களுக்கு இட்ட எழுத்துகள் இன்றைய வழக்கிலிருந்து மாறுபட்டவை. ஆனாலும் அவற்றின் பொருள் தெரிந்திருப்பதால் அந்த நிலைகளை இப்போது பலகையில் வைத்துப் பார்க்கலாம். ஏறக்குறைய 290 ஆண்டுக்கு முந்தைய தாள் பேசுகிறது. 11 ஆண்டுக்கு உட்பட்ட என் கோப்பு பேசவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

ஆகவே என் மதிப்பீடு இது. நகர்த்தல்களையும் கிளைகளையும் ஆட்ட விவரங்களையும் பதிவு செய்ய பிஜிஎன் வடிவத்துக்கு ஐந்துக்கு ஐந்து. விளக்கம் எழுதிப் பாடம் நடத்துவோருக்கு மூன்றுதான். குறியாக்கம், குறிப்பின் இடம், கூடுதல் கட்டளைகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் புதிய வரையறை ஒன்றை மென்பொருள் எழுதுவோர் கூடி வகுக்கும்வரை அந்த மதிப்பெண் ஏறாது. விரைவான தேடலுக்கு ஸ்கிட் போன்ற வெளிப்படையான தரவுத்தளம் ஒன்றை வைத்துக்கொண்டு, மூலப் பதிவை பிஜிஎன் கோப்பாகவே வைத்திருப்பதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

என் 640 ஆட்டங்களில், போட்டியில் கையால் எழுதிய ஆட்டத்தாள்கள் 410க்கு இருந்தன. மாலை நேரங்களில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஐந்து மாதங்களில் அவற்றை மீட்டேன். விளக்கங்கள் மீளவில்லை. இப்போது மீட்ட எல்லா ஆட்டங்களும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரே பிஜிஎன் கோப்பாக ஒரு கோப்புறையில் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டு ஆவணமும் வெறும் உரைக் கோப்புதான் என்பதால் அதன் படி ஒன்றையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு சிறிய உரைக் கோப்பும் உண்டு. குறியாக்கம் எது, நகர்த்தலுக்கு முன்னால் படிக்க வேண்டிய குறிப்பை எந்தக் குறியோடு தொடங்குகிறேன், சமன் கேட்டதை எப்படி எழுதுகிறேன் என்று ஆவணத்தில் இல்லாத என் வழக்கங்கள் ஒவ்வொன்றையும், தேதியிட்டு, முழு வாக்கியங்களாக அதில் எழுதிவைத்திருக்கிறேன்.